ஜூடா போக்மன்

ஆற்றுநீர் வாய்க்கால் வழியே வயலை அடைவது போல, நாம் உண்ணும் உணவின் சாரமும் உட்கொள்ளும் உயிர்வளியும் குருதிக்குழாய்களின் வழியே உடலின் ஒவ்வோர் உறுப்பையும் சென்றடைகின்றன. வாய்க்கால் எட்டாத நிலம் விளையாது. குருதி எட்டாத தசை வாழாது. இஃது எல்லாரும் அறிந்ததே. உடலுக்குள் தோன்றி அவ்வுடலையே அழிக்கும் புற்றுக்கட்டிக்கும் இவ்விதி பொருந்துமன்றோ என்று மருத்துவர் ஒருவர் எண்ணினார். கட்டிக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்களை வளரவொட்டாமல் தடுத்துவிட்டால் கட்டி வாடிவிடாதோ என்று வினவினார். கேட்பதற்கு மிக எளிய இவ்வினாவுக்காக அவர் பட்ட பாடு சிறிதன்று. இளமையில் கேட்ட வினாவுக்கு முதுமையில்தான் உலகம் செவி சாய்த்தது. அவரே அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா போக்மன்.

மோசஸ் ஜூடா போக்மன் 1933ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள், ஓஹையோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். தந்தையார் ஜெரோம் போக்மன் யூத சமயகுருவாக விளங்கியவர். மருத்துவமனைகளுக்குச் சென்று, நோயுற்றுக் கிடப்போரின் கட்டிலருகே நின்று ஆறுதல் கூறி இறைவனை வேண்டுவது அவருடைய கடமைகளுள் ஒன்று. அப்போதெல்லாம் சிறுவன் ஜூடாவையும் உடன் அழைத்துச் செல்வார். தந்தை சமயகுருவாக வேண்டுமென்று விரும்பியது மகனுக்குத் தெரியும். ஆனால் கட்டிலருகே தந்தை செய்வதையும் மருத்துவர் செய்வதையும் கூர்ந்து நோக்கிய அச்சிறுவனின் உள்ளம் மருத்துவத்தின்பாற் சென்றது. அச்சத்தோடு தன் விருப்பத்தைத் தந்தையிடம் தெரிவித்தான். தந்தை சினந்தாரல்லர், அவ்வாறாயின் சமயகுருவின் நெஞ்சமுள்ள மருத்துவனாக இரு என்று மட்டும் பணித்தார். அப்பணி போக்மனின் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது.

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1953இல் பட்டம் பெற்றபின், பாஸ்டன் நகரிலுள்ள ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1957இல் மருத்துவரானார். மாணவராக இருந்தபோதே, துடிப்புக் குறைந்த இதயத்தை மின்விசையால் இயக்கும் சிறு கருவி ஒன்றை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவம் பயின்று வருங்கால், நாட்டுச் சட்டப்படி படைப்பணிக்கு அழைக்கப்பெற்றார். இவ்வழைப்பு அவருடைய பயிற்சிக்கு இடையூறாக வந்ததே எனினும், அவர் புகழுக்கெல்லாம் வித்து அங்கேதான் இருந்தது.

1960 முதல் 1962 வரை பெதஸ்டா நகரிலுள்ள கடற்படை மருத்துவ நிலையத்தில் அவர் பணியாற்றினார். அணுவிசையால் இயங்கும் பெருங்கப்பல்கள் பல திங்கள் கரை காணாமல் கடலிலேயே உலவக்கூடியவை. அக்கப்பல்களில் காயமுற்றோர்க்குக் குருதி எங்ஙனம் கிடைக்கும்? நெடுநாள் கெடாமல் வைத்திருந்து, வேண்டும்போது நீரிற் கரைத்துக் குருதிக்கு மாற்றாகச் செலுத்தத் தக்க பொருளொன்றைக் காணுமாறு கடற்படை பணித்தது. போக்மனும் அவருடைய தோழர் பிரடெரிக் பெக்கரும் குருதியிலுள்ள ஹீமோகுளோபினைப் பிரித்தெடுத்துக் கரைசலாக்கினர். முயலின் தைராய்டுச் சுரப்பியை வெளியில் எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, அக்கரைசலை அதன் குழாய்களிற் பாய்ச்சினர். சுரப்பி உயிரோடிருந்தது. அஃது உயிர்களை வளர்க்கவும் வல்லதோ என்று ஆராயும் பொருட்டு, விரைந்து வளரும் இயல்புடைய எலியின் புற்று உயிரணுக்களை அதனுட் செலுத்தினர்.

உயிரணுக்கள் பெருகின, சிறு கட்டிகளாயின. குண்டூசித் தலையளவு வந்ததும் வளர்ச்சி நின்றுவிட்டது. கட்டிகள் மடிந்துவிட்டனவோ என்று ஐயுற்று, அவற்றை எடுத்து மீண்டும் எலிகளின் உடலில் வைத்தனர். அங்கே அவை பெருங்கட்டிகளாய் வளர்ந்தன! கலத்திலும் அதே கட்டி. எலியினிடத்தும் அதே கட்டி. வேறுபாடு யாது? எலியின் உடலிற் புதிய குருதிக்குழாய்கள் கட்டியை நோக்கி வளர்ந்து அதனுட் புகுந்திருந்தன. கண்ணாடிக் கலத்திலிருந்த சுரப்பியில் அவ்வாறு ஒரு குழாயும் தோன்றவில்லை. கடற்படை கேட்டது ஒன்று. போக்மன் கண்டது வேறொன்று. கிணறு தோண்டப் புதையல் கிடைத்தாற்போலாயிற்று.

1967ஆம் ஆண்டில், தம் முப்பத்து நான்காம் வயதில், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராக அவர் அமர்ந்தார். அவ்விளவயதில் அத்தகைய பதவி கிடைத்தல் அரிது. பகலெல்லாம் அறுவை அரங்கில் குழந்தைகளின் உயிரைக் காப்பதும், எஞ்சிய நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் கட்டிகளை ஆராய்வதுமாக அவர் காலம் சென்றது. கடற்படையிற் கண்ட காட்சியை அவர் மறக்கவில்லை. தம் எண்ணத்தை 1971ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டார். புதிய குழாய்கள் இன்றிக் கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது. கட்டியே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அண்மையிலுள்ள குழாய்களைத் தன்பால் கிளைக்கச் செய்கின்றது. அப்பொருளின் செயலைத் தடுப்பின் கட்டி வளராது. இவையே அக்கட்டுரையின் கருத்துகள்.

அறிஞர் பலர் இதனை ஏற்றிலர். ஏளனம் செய்தோரும் உண்டு. காயம் பட்ட இடத்திற் குழாய்கள் தோன்றுவது இயல்பு. கட்டியைச் சுற்றித் தோன்றுவனவும் அத்தகைய அழற்சியின் விளைவே. அவற்றால் கட்டி வளர்கின்றது என்பது விளைவைக் காரணமெனக் கொள்ளும் பிழை என்று அவர்கள் கூறினர். மாநாடுகளில் போக்மன் பேச எழுந்தால் அவையிலிருந்து பலர் எழுந்து வெளியே சென்றுவிடுவராம். ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டி அவர் விடுத்த விண்ணப்பங்கள் பலமுறை திரும்பி வந்தன. கத்தி பிடிக்கும் அறுவை மருத்துவர்க்கு அடிப்படை ஆராய்ச்சியில் என்ன வேலை என்பதே பலருடைய உள்ளக்கிடக்கை. உண்மையில், அவர் கத்தி பிடித்தவர் என்பதே அவருக்குத் துணையாயிற்று. ஆய்வுக்கூடத்து அறிஞர் கண்டது குருதி வடிந்து வெளுத்துப்போன கட்டி. அறுவை மருத்துவர் கண்டதோ உயிருள்ள உடலிற் சிவந்து, வெம்மையுற்று, தொட்டால் குருதி பெருக்கும் கட்டி. தம் கைகள் அன்றாடம் அறிந்த ஒன்றை ஏட்டறிவு மறுப்பதை அவரால் ஏற்க இயலவில்லை.

எனினும், கை அறிந்தது சான்றாகாது. பிறர் கண்ணும் காணல் வேண்டும். இதற்காக அவரும் அவர்தம் மாணவர் மைக்கேல் கிம்புரோனும் முயலின் கண்ணைத் தேர்ந்தெடுத்தனர். கண்ணின் முன்னறையில் தெளிந்த நீர் நிறைந்துள்ளது. சிறு கட்டியொன்றை அந்நீரில் மிதக்கவிட்டபோது, குழாய்கள் அதனை எட்ட இயலாமையால், அது பல நாளாகியும் வளராமற் கிடந்தது, ஆயினும் சாகவில்லை. அதனைக் குழாய்கள் நிறைந்த கருவிழித் திரையின் அருகே வைத்தபோது குழாய்கள் கிளைத்து வந்து பற்றின. கட்டி பல்லாயிரம் மடங்கு பெருகியது. விழியின் முன்புறத்திலுள்ள கண்ணாடி போன்ற படலத்தில் இயல்பாகக் குழாய் ஒன்றேனும் இல்லை. அப்படலத்திற் கட்டியை வைத்தால், விளிம்பிலிருந்து செந்நிற இழைகள் கட்டியை நோக்கி நாள்தோறும் நீண்டு வருவதைக் கண்ணாற் காணலாயிற்று. கட்டி அழைக்கின்றது, குழாய்கள் வருகின்றன என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேறு என்ன வேண்டும்?

அழைப்பது யார் என்பது தெரிந்தது. எவ்வாறு அழைக்கின்றது என்பது தெரியவில்லை. அப்பொருளைப் பிரித்தெடுக்கப் பதினாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1974இல் மான்சாண்டோ என்னும் வேதிப்பொருள் நிறுவனம் ஹார்வர்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் டாலர் வழங்க முன்வந்தது. போக்மனின் ஆராய்ச்சியும் அதனால் பயன் பெற்றது. வாணிக நிறுவனத்தின் பொருளைப் பல்கலைக்கழகம் பெறலாமோ என்ற கண்டனமும் உடன் எழுந்தது. 1981இல் தலைமை அறுவை மருத்துவர் பதவியைத் துறந்து, ஆய்வுக்கூடத்திற்கே தம்மை அவர் ஒப்படைத்தார். இன்னும் மெய்ப்பிக்கப்படாத ஓர் எண்ணத்திற்காகக் கையிலிருந்த பெரும்பதவியை விடுதல் எளிய செயலன்று. 1984இல் அவருடைய ஆய்வுக்கூடத்து மைக்கேல் கிளாக்சுபுருனும் யூவன் ஷிங்கும் குழாய் வளர்க்கும் புரதம் ஒன்றைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். 1989இல் கலிபோர்னியாவில் நெப்போலியோன் பெராரா என்பார் அதனினும் இன்றியமையாத வேறொரு புரதத்தைப் பிரித்து அதன் மரபணுவையும் கண்டறிந்தார். அதன்பின் ஏளனக் குரல்கள் அடங்கின.

தடுக்கும் பொருளைத் தேடும் பணியும் உடன் நடந்து வந்தது. அத்தேடலிற் சில செய்திகள் கதை போல் இனிப்பவை. குருத்தெலும்பில் குழாய்கள் இல்லை; ஆகவே அதனுள் குழாயைத் தடுக்கும் பொருள் இருத்தல் வேண்டும் என்று கருதி, இளைஞரான ராபர்ட் லாங்கர் இறைச்சிக்கூடத்திலிருந்து மாட்டெலும்புகளைக் கொணர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். மற்றோர் இளைஞரான டொனால்டு இங்பர், குழாய் உயிரணுக்களை வளர்த்து வந்த தட்டொன்றில் பூஞ்சை படிந்திருக்கக் கண்டார். அத்தகைய தட்டைக் குப்பையில் எறிவதே வழக்கம். அவர் எறியவில்லை, பூஞ்சையை அடுத்திருந்த உயிரணுக்கள் மட்டும் வளர்ச்சி குன்றியிருந்ததை உற்று நோக்கினார். அதிலிருந்து ஒரு தடுப்பு மருந்து பிறந்தது.

இவற்றினும் வியப்புடையது மைக்கேல் ஓரைலியின் ஆராய்ச்சி. முதற்கட்டியை அறுத்து நீக்கியபின், அதுகாறும் அடங்கிக் கிடந்த வேறிடத்துக் கட்டிகள் திடீரென்று வளர்வதை அறுவை மருத்துவர் சிற்சில வேளைகளிற் கண்டிருந்தனர். அங்ஙனமாயின், முதற்கட்டி தன் அருகில் குழாய்களை வளர்த்துக்கொண்டே, தொலைவிலுள்ள கட்டிகளுக்குக் குழாய் வளராமல் தடுக்கும் பொருளொன்றையும் குருதியில் விடுகின்றது போலும் என்று போக்மன் கருதினார். ஓரைலி கட்டியுள்ள எலிகளின் சிறுநீரைத் திரட்டித் திரட்டி அதிலிருந்து அப்பொருளைப் பிரித்தார். 1994இல் வெளியான அப்புரதம் ஆஞ்சியோஸ்டாட்டின் எனப்பட்டது. 1997இல் எண்டோஸ்டாட்டின் என்னும் மற்றொன்றும் கிடைத்தது. எண்டோஸ்டாட்டினை முறையாகச் செலுத்தியபோது எலிகளின் கட்டிகள் சுருங்கி நுண்ணிய புள்ளிகளாயின. மருந்தை நிறுத்தி மீண்டும் செலுத்தியும் அதன் ஆற்றல் குறையவில்லை.

1998ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டது. மறுநாள் தொடங்கிப் போக்மனின் மருத்துவமனையில் தொலைபேசி மணி ஓயவில்லை. தாய்க்கு வேண்டும், பிள்ளைக்கு வேண்டும், எனக்கு வேண்டும் என்று நோயுற்றோர் பலர் மன்றாடினர். மருந்து செய்யும் நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளிற் பன்மடங்கு உயர்ந்தது. கொடுப்பதற்கோ மருந்தில்லை, எலிக்குப் பயன்பட்டது மனிதர்க்குப் பயன்படும் என்பதற்கு உறுதியும் இல்லை. பல்லாண்டு இகழ்ச்சியைத் தாங்கியவர்க்கு, ஒரு நாளில் வந்த இப்புகழ்ச்சி அதனினும் கொடியதாயிற்று. இகழ்ச்சி அவரை மட்டுமே வருத்தியது. புகழ்ச்சியோ சாவின் விளிம்பில் நிற்போரிடம் பொய்ந்நம்பிக்கையை வளர்த்தது. தாம் குணப்படுத்தியது எலிகளையே என்பதை அவர் கேட்டவரிடமெல்லாம் சொன்னார். மருந்து இல்லை என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடவும் அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. இரவு நெடுநேரம் வரை நோயாளிகளோடும் அவர்தம் உறவினரோடும் பேசி, வேறு வழி உண்டா என்று தேடிச் சொல்வது அவர் வழக்கமாயிருந்தது. தந்தையின் பணியை மகன் மறக்கவில்லை என்க.

இவ்வாறு வந்த அழைப்பொன்று பயன் தந்ததும் உண்டு. எலும்பு மச்சையிற் புற்றுநோயுற்ற இளம் மருத்துவர் ஒருவரின் மனைவி, கணவரைக் காக்க வழியுண்டோ என்று கேட்டார். தாலிடோமைடு என்னும் மருந்து 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், கருவுற்ற மகளிர் உட்கொண்டமையால், கைகால் குறைந்த குழந்தைகள் பல்லாயிரவர் பிறக்கக் காரணமாகித் தீராப் பழி சுமந்தது. அம்மருந்து குழாய் வளர்ச்சியைத் தடுக்கின்றது என்று போக்மனின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் டமாட்டோ 1994இல் கண்டிருந்தார். அதனைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று போக்மன் அறிவுறுத்தினார். அந்நோயாளி பிழைத்தாரல்லர். ஆயினும், அவரைத் தொடர்ந்து ஆர்க்கன்சாஸ் மருத்துவர்கள் அம்மருந்தைக் கொடுத்த 84 பேருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு நோய் தணிந்தது. பழி சுமந்த மருந்து அந்நோய்க்குரியதென 2006இல் அமெரிக்க அரசினரால் ஏற்கப்பட்டது.

எண்டோஸ்டாட்டினின் நிலை வேறு. 1999இல் மனிதர்க்குக் கொடுத்து ஆராயத் தொடங்கினர். தீங்கு செய்யவில்லை, ஆனால் எலிகளிடம் கண்ட வியத்தகு பயன் மனிதரிடம் காணவில்லை. புரதம் உடலில் விரைந்து சிதைந்துவிடும். ஆகவே நாள்தோறும் மிகுந்த அளவிற் செலுத்த வேண்டும். செய்வதற்கும் அருமை, விலையும் மிகுதி. இவ்விடர்களை நீக்க மரபணு மருத்துவம் உதவுமோ என்று பல ஆய்வுக்கூடங்கள் முனைந்தன. புரதத்தைச் செய்து கொடுப்பதற்கு மாறாக, அதனைச் செய்யும் கட்டளையாகிய மரபணுவையே உடலுக்குட் செலுத்திவிட்டால் உடலே அம்மருந்தை இடைவிடாமல் செய்துகொள்ளுமன்றோ? மரபணுவை உயிரணுக்குள் கொண்டுசேர்க்க, நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பெற்ற வைரஸ் ஒன்றைத் தூதாகக் கொண்டனர். 2001இல் கால்வின் குவோ, ரிச்சர்டு மல்லிகன் முதலியோரோடு போக்மனும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், குழாய் தடுக்கும் புரதங்கள் பலவற்றின் மரபணுக்களை எலிகளுக்குச் செலுத்தி ஒப்பிட்டனர். பெராரா கண்ட புரதத்தைப் பற்றி மடக்கும் மூலக்கூறுகளே மிகுதியும் பயன்பட்டன. ஆஞ்சியோஸ்டாட்டினும் எண்டோஸ்டாட்டினும் அவற்றினும் பின்தங்கின. தம் ஆய்வுக்கூடத்தின் பெருமையாகிய இரண்டும் தோற்ற அம்முடிவிலும் போக்மனின் பெயர் உள்ளது. தம் கருத்துக்குத் துணையாவதை மட்டும் வெளியிட்டு, மாறானதை மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

மரபணுவைப் பற்றி அவர் விரும்பி எடுத்துரைத்த செய்தி ஒன்றுண்டு. எண்டோஸ்டாட்டினுக்குத் தாயான புரதத்தின் மரபணு 21ஆம் நிறமியில் அமைந்துள்ளது. டவுன் நோய்க்குறியோடு பிறப்போர்க்கு அந்நிறமி இரண்டுக்கு மாறாக மூன்று உண்டு; குருதியில் எண்டோஸ்டாட்டினும் மிகுதி. அவர்களுக்குத் திண்ணிய கட்டிகளாய் வரும் புற்றுநோய் மிக அரிதாகவே வருகின்றது. மேலும், வேறு காரணங்களால் இறந்த 40 முதல் 50 வயது வரையுள்ள பெண்டிரை ஆராய்ந்ததில் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் மார்பகத்தில் நுண்ணிய கட்டிகள் காணப்பட்டன. அவ்வயதில் நோயெனக் கண்டறியப்படுவதோ நூற்றுக்கு ஒருவரிடத்திலேயே. எனவே கட்டி தோன்றுதல் வேறு, நோய் வளர்தல் வேறு. இடையில் நின்று காப்பது உடலின் இயற்கைத் தடுப்பே என்று 2004இல் ராகு கல்லூரியோடு இணைந்து அவர் எழுதினார்.

அதே 2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பெராராவின் ஆராய்ச்சியினின்று பிறந்த பெவாசிசுமாப் என்னும் மருந்தை அமெரிக்க அரசினர் பெருங்குடற் புற்றுநோய்க்கு ஏற்றனர். வழக்கமான மருந்தோடு இதனையும் பெற்றோர் வாழ்நாளின் நடு அளவு 15.6 திங்களிலிருந்து 20.3 திங்களாக நீண்டது. ஐந்து திங்களும் நிரம்பாத இப்பயன், 1998இன் ஆரவாரத்தை நினைத்தோர்க்குச் சிறிதாகத் தோன்றியிருக்கலாம். கட்டிலருகே நின்றோர்க்கு அவ்வாறு தோன்றியிராது. குழாயைத் தடுத்தால் மனிதர் வாழ்வு நீளும் என்பது அன்றுதான் ஐயமின்றி நிலைபெற்றது. முதுமையில் விழித்திரையின் பின்னே தகாத குழாய்கள் வளர்ந்து கசிந்து பார்வையைக் கெடுக்கும் நோய்க்கும், 2004இலும் 2006இலும் இவ்வகை மருந்துகள் வந்தன. பலருக்குப் பார்வை மேலும் குன்றாமல் நின்றது. சிலருக்கு மீண்டும் எழுத்துகள் தெரிந்தன. முயலின் கண்ணில் தொடங்கிய ஆராய்ச்சி மனிதர் கண்ணுக்கு ஒளி தந்தது.

2008ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14ஆம் நாள், கனடா நாட்டு வான்கூவர் நகரில் சொற்பொழிவாற்றும் பொருட்டுப் போக்மன் பயணம் மேற்கொண்டார். இடையே டென்வர் வானூர்தி நிலையத்தில் மாரடைப்புற்று உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 74.